முப்பது தாய்மாருக்குக் காலடி மண் கொடுத்த கதை

என் வாய்க்கு நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தடையுத்தரவு. போட்டவர்கள் முப்பது தாய்மார். நியாயமான உத்தரவுதான்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது, கலியாணமில்லை, பிள்ளை வளர்ப்பைப் பற்றி எல்லாம் தெரியும். (பெற்ற பிறகுதான் ஒன்றும் தெரியாமல் போனது.) இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் திருகோணமலைக்கு வெளியே தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்களில் முகாம் போட்டு இருந்தன. அங்கே ஒரு பாலர் பள்ளி தொடங்கப் மாதா கோயில் பங்குச் சுவாமியாருக்கு ஆசை.

"பிள்ளையளை அடியாமல் வளர்க்கிறதைப் பற்றி முதல் தாய்மாரோட கதைச்சுப் பாரும். அவையள் ஓம் எண்டால் ரீச்சர் வேலை உமக்கு" என்றார்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் மூதூரில் மாமாவின் கடையில் அரிசி நிறுக்க வேண்டும். மாமாவோடு ஒரு நாள்கூட இருக்க ஏலாது.

சுவாமியார் தந்த வெளிநாட்டுப் புத்தகத்தில், 'பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் பாராட்டுங்கள்' என்று இருந்தது. எங்கட வீட்டிலும் பாராட்டினால் நாவூறு படும் என்று பயந்தவர்கள்தான். ஆனால் நான் படித்தவள் அல்லவா!

தாய்மார் கூட்டத்தில் பிஸ்கற் பங்கிட்டுவிட்டு, முன்வரிசையில் இருந்த மாரியாயியின் மகன் குமாரைத் தூக்கினேன். "ஐயோ, என்ன வடிவான பிள்ளை! என்ன கொழுகொழு கன்னம்!"

மாரியாயிக்கு முகம் வெளிறிவிட்டது. "த்தூ, த்தூ! மூக்கொழுகி, வாடா இங்க!" என்று பிள்ளையைப் பிடுங்கினாள். (திட்டினால் கண்ணூறு கழியும் என்பது அவள் கணக்கு. நானோ பாடம் ஏறவில்லை என்று நினைத்தேன்.) அடுத்த பிள்ளையை இன்னும் உரத்துப் பாராட்டினேன். அதன் தாய் "அடி, கோணமூஞ்சி!" என்றாள். நான் பாராட்டப் பாராட்ட அவர்கள் திட்ட, அவர்கள் திட்டத் திட்ட நான் பாராட்ட, அந்த முகாம் அதுவரை கேட்டிராத வசவெல்லாம் அன்றைக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் குமார் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். ஆறு பிஸ்கற் தின்ற பிள்ளை வேறென்ன செய்யும்? ஆனால் எல்லாத் தாய்மாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மாரியாயி எழும்பி வந்தாள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. செருப்பைக் கழட்டுங்க."

செருப்படிதான் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"காலைத் தூக்குங்க. கண்ணு வச்சவங்க காலடி மண்ணை எடுத்துச் சுத்திப் போட்டாத்தான் புள்ளைக்குச் சரியாகும்."

பாராட்டு வாங்காத பிள்ளை அங்கே ஒன்றுமில்லை. ஆகவே முப்பது பேரும் வரிசையில் நின்றார்கள். நான் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்க, ஒவ்வொருவராய்க் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தார்கள். அப்போதுதான் சுவாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன பிள்ளை இது? அவையள் உம்மையோ கும்பிடுகினம்?"

நான் அடுத்த காலைத் தூக்கிக் கொடுத்தேன். மண்ணும் உப்பும் செத்தல் மிளகாயும் அடுப்பில் விழுந்தன. நெடியே வரவில்லையாம், அவ்வளவு பொல்லாத கண்ணாம். (எனக்கும் சுவாமியாருக்கும் கண்ணீர் ஆறாய் ஓடியதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.) குமார் எழும்பி இன்னொரு பிஸ்கற் கேட்டான்.

"இந்த ரீச்சர் வேணுமோ, வேண்டாமோ?" என்று சுவாமியார் இருமிக்கொண்டே கேட்டார். எனக்கு மாமாவின் தராசு கண்ணுக்குள் ஆடியது.

மாரியாயி யோசித்தாள். "வரட்டும் சாமி. புள்ளைகளை அடிக்காத டீச்சர் நமக்கு எங்க கெடைக்கும்? வாயை மட்டும் கட்டிப்புடணும்."

மூன்று வருஷம் அங்கே படிப்பித்தேன். எந்தக் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஒரு 'ம்' தான். அதுவே பழகி, பெற்ற பிள்ளைகள் வகுப்பில் முதலாவதாக வந்தாலும் 'ம்'.

மகளின் கலியாணத்தன்று அவள் சேலை உடுத்தி வந்து நின்றாள். அவ்வளவு வடிவு. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பரவாயில்லை" என்றேன்.

சம்பந்தியம்மாவின் முகம் போன போக்கு! மகளோ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். இப்போதும் தம்பிமாரோடு சண்டை வந்தால் அதைத்தான் சொல்லிக் காட்டுவாள்: "அம்மா எனக்குப் 'பரவாயில்லை' சொன்னவ. உங்களுக்கு?"