கியர் பாக்ஸில் பொய்ச் சூடு

கியர் பாக்ஸுக்குச் சூடு ஏறினால் காட்ட மீட்டர் இருக்கிறது. மனுஷனுக்குச் சூடு சொரணை இருக்கிறதா என்று காட்ட மீட்டர் இல்லை. நல்லவேளை. இருந்திருந்தால் என் பெண்டாட்டி அதை எனக்கு மாட்டிவிட்டு, முள் அசையவே இல்லை என்று ஊருக்கெல்லாம் காட்டியிருப்பாள்.

நான் காசிநாதன். கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஒரு லாரி. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குகிற தொழில். ரோட்டில் நான் ராஜா. வீட்டில் அம்சவள்ளி ராணி. அங்கே ராஜா பதவி காலி.

எண்பத்தேழாம் வருஷம் என் சகலை தீனதயாளன், அதாவது அம்சவள்ளியின் அக்கா ஆண்டாளைக் கட்டியவர், வெள்ளிமலைக்கு ஹெட்மாஸ்டராக மாற்றலானார். கச்சிராயபாளையத்திலிருந்து அவர் வீட்டுச் சாமானை மலைக்கு ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. சாமானைச் சுமந்துவிடலாம், சகலையின் பேச்சைச் சுமக்க முடியாது. குழம்புக்கு உப்பு கேட்டால்கூட உப்பு எப்படி உண்டானது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோடெல்லாம் வெட்டிச் சாய்த்த மரம். ஒரு வாரம் லாரி நகரவில்லை. "ரோடே இல்லியே, நான் இன்னா மே பண்றது?" என்று அம்சவள்ளியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறியல் முடிந்தது. மரங்களை அப்புறப்படுத்தினார்கள், என் நிம்மதியையும் சேர்த்து.

"ஞாயித்துக்கெழம அக்கா வூட்டு சாமான ஏத்திக்கினு போறோம்" என்றாள் அம்சவள்ளி.

அன்றைக்கே சபதம் செய்தேன். போக மாட்டேன். ஆனால் போக மாட்டேன் என்று நான் சொல்லவும் மாட்டேன். வண்டி சொல்லட்டும்!

சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு டெம்பரேச்சர் மீட்டரும் அதற்கான சென்சாரும் வாங்கி வந்தேன். லாரிக்கு அடியில் படுத்தேன். கியர் பாக்ஸுக்கு அடியிலிருந்த டிரெயின் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, அந்தத் துளையில் நூல் சுற்றிச் சென்சாரை முடுக்கினேன். ஆயிலை மறுபடி ஊற்றி, ஒயரைச் சைலன்சரில் படாமல் இழுத்து மீட்டரில் கொடுத்தேன்.

அம்சவள்ளி குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க அது?"

"சென்சாரு."

"அது சினிமாவ வெட்டறவங்க ஆச்சே?"

"இது வேற மே. கியர் பாக்ஸு சூடு ஜாஸ்தியானா மேல முள்ளு செவப்புக்குப் பூடும். அப்ப வண்டிய எடுக்கவே கூடாது. எடுத்தா பல்லெல்லாம் கொட்டிடும்."

"யாருக்கு?"

"கியருக்கு!"

அவளிடம் சொல்லாத வேலை ஒன்றையும் செய்தேன். சென்சார் ஒயரில் ஒரு கிளை எடுத்து, கியர் ராடுக்குப் பக்கத்தில் கீழே ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, பாடியில் சேர்த்தேன். சுவிட்சைத் தட்டினால் ஒயர் எர்த் ஆகும். கியர் பாக்ஸ் ஐஸ்கட்டியாக இருந்தாலும் முள் சிவப்புக்குத் தாவும்.

ஞாயிறு காலை அம்சவள்ளி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கேபினில் ஏறினாள். சாவியைத் திருப்பினேன். கையைக் கீழே விட்டுச் சுவிட்சைத் தட்டினேன்.

"போச்சு மே! செவப்பு!"

முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வண்டிய இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியேங்க?"

"அது... நேத்து ஓடின சூடு."

"நேத்து இங்கதான நின்னுக்கினு இருந்துச்சி?"

"அப்ப வெயில்ல காஞ்சிருக்கும்."

"மழ தூறிக்கினு இருக்குது."

அவசரமாகச் சுவிட்சை அணைத்தேன். "தோ, ஆறிடுச்சி பாரு!"

அவள் பார்வை முள்ளில் இல்லை. என் கை போய் வந்த இடத்தில் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சபதம் அதோடு முடிந்தது. கச்சிராயபாளையம் போய்ச் சாமானை ஏற்றினோம். சகலை குடும்பம் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டது. லாரி மலையேறியது. முதல் வளைவில் ஒருவர் தேன் விற்றுக்கொண்டிருந்தார். திடீரென்று முள் சிவப்புக்குப் போனது. நான் சுவிட்சைத் தொடவே இல்லையே! வண்டியை நிறுத்திவிட்டு அடியில் புகுந்தேன். அம்சவள்ளி தேன் வாங்கினாள். திரும்பி வந்தால் முள் இறங்கியிருந்தது.

அருவிப் பக்கம் மறுபடி சிவப்பு. ஈரச் சாக்கைக் கொண்டுபோய்க் கியர் பாக்ஸில் போர்த்தினேன். அவள் அருவியில் முகம் கழுவினாள். சீத்தாப்பழக் கூடை தெரிந்த இடத்தில் இன்னொரு சிவப்பு. அங்கே துண்டு எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சுவிட்சின் மேல் மஞ்சள் பூசிய ஒரு கால் கட்டைவிரல்!

கேட்க முடியுமா? கேட்டால் அந்த சுவிட்ச் அங்கே எதற்கு என்று நான் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

வெள்ளிமலைக்கு முன்னால் கடைசி ஏற்றம். முள் சிவப்பு. சிரித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"செவப்பு காட்டுதுங்க. நிறுத்துங்க."

"காட்டட்டும், காட்டட்டும்."

"அய்யோ, ஒரே செவப்பா இருக்குதுங்க!"

"எல்லாம் எனக்குத் தெரியும் மே. மொதல்ல கால எடு!"

"எந்தக் கால?"

திரும்பினேன். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்துப்போட்டு, மடியில் சீத்தாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கருகல் நாற்றம் அடித்தது. கீழே கடகடவென்று ஒரு சத்தம். லாரி நின்றது. இறங்கிப் பார்த்தேன். நான் சுற்றிய நூல் நழுவி, சென்சார் ஓரமாக ஆயில் ஒழுகியிருந்தது. வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. ஆயில் இல்லாமல் கியர் பல்லெல்லாம் நிஜமாகவே கொட்டிவிட்டது.

லாரியை எதிர்பார்த்திருந்த சகலை குடையோடு நடந்து வந்தார். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சகல, சூடுன்னா இன்னான்னு மொதல்ல நாம புரிஞ்சிக்கணும்..."

பல்சக்கரம் சேலத்திலிருந்து வர வேண்டும். மெக்கானிக் கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டும். அதுவரை ஜாகை சகலை வீட்டில்தான். நான் தலையில் கை வைத்து ரோட்டோரம் உட்கார்ந்தேன். அம்சவள்ளி ஒரு சீத்தாப்பழத்தை என் கையில் வைத்தாள்.

"அக்கா வூட்ல ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு உங்ககிட்ட எப்டி கேக்கறதுன்னு பயந்துக்கினே வந்தேங்க. நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்க!"