கை படாத நிலம்

புல்லை வெட்டி முடித்த பிறகுதான் பலகை கண்ணில் பட்டது. 'ஆய்வு நிலம். யாரும் கை வைக்கக் கூடாது.'

நகாசே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தோமியே அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"'வெட்டணுமா சார்?'னு ரெண்டு தடவ கேட்டேன். 'சொன்னதைச் செய்ங்க'ன்னீங்க. செஞ்சேன்." தோட்டப் பிரிவின் தோமியே இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நகாசே மக்கள் தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் மருத்துவமனை அலுவலகம், அதற்கும் முன் நூலகம். அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் அலுவலர்களை ஒரே நாற்காலியில் வேர்விட விடமாட்டார்கள். முன்பு இருந்தவர் நாற்பது பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். நகல் இயந்திரத்தை எந்தப் பக்கம் தட்டவேண்டும், துணைவேந்தருக்கு எந்த பிஸ்கட் பிடிக்கும், எல்லாம் இருந்தது. இந்த நிலத்தைப் பற்றி மட்டும் மூச்சில்லை.

வந்ததும் கிடைத்த வேலை, ஆண்டுதோறும் வெளியாகும் 'பல்கலைக்கழகம்: ஒரு பார்வை'. பன்னிரண்டு புலங்கள், பதினெட்டாயிரம் மாணவர்கள், மருத்துவமனை, மாட்டுப் பண்ணை என்று அத்தனையும் வானிலிருந்து எடுத்த ஒரே அட்டைப்படத்தில் அடங்கவேண்டும். ஒத்திகைப் படத்தில் வேளாண் புலத்தின் பின்னால் மட்டும் வாராத தலை மாதிரி ஒரு திட்டு தெரிந்தது. அதைத்தான் வெட்டச் சொன்னார்.

அலுவலகத்துக்கு ஓடி, 'ஒரு பார்வை'யின் அச்சுப்படியில், தாம் படிக்காமலே முத்திரை குத்தியிருந்த பதினான்காம் பக்கத்தைப் பிரித்தார். 'முப்பத்தாறு ஆண்டுகளாக மனிதக் கை படாத நிலம். இங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை செடிகள் தாமாகவே மடிந்து புத்துயிர் பெறுவதைப் பேராசிரியர் இடோகாவா கண்டறிந்தார். உலகம் வியக்கும் இந்தச் சுழற்சிக்குக் காரணம் இன்னும் புலப்படவில்லை.'

ஒரு மனிதரின் முப்பத்தாறு வருட உழைப்பை அரை மணி நேரத்தில் மழித்தாயிற்று. பேராசிரியர் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் புதன்கிழமை தவறாமல் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுவார். அன்று திங்கள்.

செவ்வாய் விடியற்காலையில் சைக்கிளை எடுத்தார்.

"ஆத்தங்கரைக்கா சார்? பாலத்துக்குக் கிழக்கால போங்க. அங்கதான் வேரோட வரும்" என்று தோமியே மண்வெட்டியை நீட்டினார்.

ஏழு நடை அடித்தார். கோரை, மாசிப்பச்சை, பேர் தெரியாத பூண்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் நட்டார். இடுப்பு ஒடிந்தது. பலகையை முன்போலவே செடிக்குள் மறைத்தார்.

புதனன்று பேராசிரியர் இடோகாவா அந்த மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாருங்கய்யா! பழசு போயிடுச்சு, புதுசு வந்திருக்கு! சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு! நம்பாம சிரிச்ச டோக்கியோக்காரன் இனிமே வாயத் திறக்கட்டும்!"

செய்தி துணைவேந்தர் காதுக்குப் போனது. ஒரு பத்தியாக இருந்தது நான்கு பக்கமானது. அட்டையில் வானமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம், அந்தத் திட்டு மட்டும் போதும் என்றார். பெரிய விருதுக்கும் பேராசிரியர் பெயரை அனுப்பச் சொன்னார். அந்தக் கடிதத்தை எழுதும் வேலையும் நகாசே தலையிலேயே விழுந்தது.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எழுதிய வரியெல்லாம் பொய். கடைசியில், செய்த தப்பின் கனத்துக்கு ஏற்றபடி கடையிலேயே கனமான பயற்று இனிப்புப் பெட்டியாக இரண்டு வாங்கிக்கொண்டு, அடுத்த புதனன்று மன்னிப்புக் கேட்கப் போனார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நான் முதல்ல சொல்லிடறேன் தம்பி." கிழவர் செடியைத் தடவிக்கொண்டே பேசினார். "என் வீட்டுக்காரி போன அன்னிக்கு நான் இங்கதான் இலை எண்ணிட்டிருந்தேன். 'களையா, நானா'ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பா. ஒரு தடவகூட பதில் சொல்லல. இப்ப சமாதிக்குப் போய், 'வீணாகலடி'ன்னு சொல்லிட்டு வந்தேன். அதுவே போதும் எனக்கு. ஆமா, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

நகாசே ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை குனிந்தார்.

"வாழ்த்துகள் ஐயா."

"வாழ்த்துக்கா இம்புட்டு கனம்!" என்று கிழவர் குழந்தைபோல் சிரித்தார்.

இரண்டாவது பெட்டியோடு தோட்டப் பிரிவின் கொட்டகைக்கு வந்து நகாசே பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கியது. அன்றே சொல்லியிருந்தால் ஒரு வருடப் பதிவு வீணானதோடு முடிந்திருக்கும். இனி சாகும்வரை சொல்ல முடியாது.

"அக்கா, ஒரு பெரிய மனுஷனோட வாழ்க்கையையே பொய்யாக்கிட்டேன்."

தோமியே தேநீரை ஊற்றி வைத்தார். பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"அழாதீங்க சார். உங்க நாற்காலிக்கு மூணு வருஷத்துக்கு ஒருத்தர் மாத்தலாகி வர்றார், வந்ததும் அதை வெட்டச் சொல்றார், மறுநாளே ஆத்தங்கரைக்கு ஓடறார். நான் பாக்க நீங்க ஒன்பதாவது ஆளு."