பதினேழாம் எண் பூசணிக்காய்

"ஒடச்சாச்சு தம்பி. இனிமே எவன் கண்ணும் நம்ம கேலரிய ஒண்ணும் பண்ணாது."

கையில் ஒட்டியிருந்த சிவப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டே வாட்ச்மேன் ஆண்டியப்பன் சொன்னபோது, குணசேகரனுக்கு மனசு குளிர்ந்துதான் போனது. மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்குத் திறப்பு விழா. ஒன்பது கலைஞர்களின் ஓவியங்கள், கரிக்கோட்டுச் சித்திரங்கள், சிற்பங்கள் என்று மொத்தம் முப்பத்திரண்டு. புதுக்கோட்டையில் இப்படி ஒரு கண்காட்சி என்றால் ஊர்க்கண் சும்மா விடுமா? அதற்குத்தான் விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடி ஒரு பூசணிக்காய் வாங்கி வந்து, "உள்ள இருக்குண்ணே, எடுத்து வாசல்ல சுத்தி ஒடச்சிருங்க" என்று சொல்லி வைத்திருந்தான்.

நிம்மதியாக ஆபீஸ் ரூமுக்குள் போனான். மேஜைக்கடியில் மஞ்சள் பை. பைக்குள் பூசணிக்காய், முழுசாக!

"அண்ணே... அப்ப நீங்க எதை ஒடச்சீங்க?"

"என்ன தம்பி இப்புடிக் கேக்குறீங்க? உள்ள இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? ஹாலுக்கு நடுவுல ஸ்டாண்டு போட்டு, லைட்டு போட்டு, செவப்பெல்லாம் தடவி ரெடியா வச்சிருந்தீங்களே, அதைத்தான். சூடத்தைப் பொருத்துனேன் பாருங்க, குப்புன்னு புடிச்சுச்சு. அம்புட்டுத் திருஷ்டி!"

 குணசேகரன் ஹாலுக்கு ஓடினான். பதினேழாம் எண் ஸ்டாண்டு மொட்டையாக நின்றது. கீழே அட்டை மட்டும்: 'கண்ணேறு. சுட்ட களிமண். சிற்பி: ரகுநாத்.'

"'தொடாதீர்கள்'னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கே, படிக்கலையா?"

"நான் எங்க தொட்டேன்? துண்டால புடிச்சுல்ல தூக்குனேன்!"

நேற்று சாயங்காலம் ரகுநாத் அந்தச் சிற்பத்தைக் காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளையைக்கூட எவனும் அப்படித் தூக்கி வந்திருக்க மாட்டான். "என்னைத் தவிர ஒரு ஈ காக்கா தொடக் கூடாது" என்று சொல்லி, தானே ஸ்டாண்டில் ஏற்றினார். பக்கத்தில் நின்ற கேலரி முதலாளி திலகவதி மேடம் குணசேகரனைப் பார்த்துச் சொன்னார்: "இதுல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க நாளைலேருந்து வர வேண்டாம். விழா நல்லா முடிஞ்சா உங்க வேலை நிரந்தரம்."

கத்தாரில் கம்பெனி மூடி ஊர் திரும்பியவனுக்கு எட்டு மாதம் கழித்துக் கிடைத்த வேலை இது. நிரந்தரமாகப் போகிறது என்று மனைவி சத்யபிரியா அவள் அப்பாவிடம் சொல்லியும் விட்டாள். கெட்ட நேரம் வந்தால் ஒட்டகத்தில் ஏறினாலும் நாய் கடிக்கும் என்பார்கள். குணசேகரன் ஒட்டகத்தைவிட்டு இறங்கி வந்த பிறகும் நாய் விடுவதாக இல்லை.

துண்டு துணுக்காவது கிடைத்தால் ஒட்டிவிடலாமே என்று வாசலுக்குப் பாய்ந்தான். தரையில் சிவப்புக் கறைதான் இருந்தது. கேட்டோரம் மருதாயி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய பசுமாடு அசை போட்டபடி நின்றது.

"ஆத்தா, இங்கிட்டு ஒடஞ்சு கெடந்ததெல்லாம் எங்க?"

"எல்லாம் காலி தம்பி. சுத்தமாப் போயிருச்சு."

குப்பை வண்டி வந்து போய்விட்டது போலிருக்கிறது, நம் தலையெழுத்து என்று குணசேகரன் திரும்பினான். மணி பத்து.

யோசிக்க நேரமில்லை. மஞ்சள் பையிலிருந்த காயைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தான். சிற்பம் வெள்ளை வெளேரென்று இருந்தது, இதுவோ பச்சை. விலை குறைச்சலென்று பிஞ்சாகப் பார்த்து வாங்கியதன் பலன். பூஜைத் தட்டில் விபூதி இருந்தது. அதைக் குழைத்துப் பூசோ பூசென்று பூசினான். சிற்பத்தின் நடுவில் சிவப்பாக ஒரு கண் இருந்ததே? குங்குமம் எடுத்து அப்பினான். எட்ட நின்று பார்த்தால் பழுதில்லை. கிட்டப் போனால் முருகன் கோயில் வாசனை அடித்தது.

பத்தரைக்குக் கதவு திறந்தது. சனம் ஓவியங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது, சித்திரங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது, பதினேழாம் எண்ணுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றியது!

திருவரங்குளத்திலிருந்து வந்த ஒரு அம்மா, விபூதியைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் பூசிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

"தொடாதீங்கம்மா, தொடாதீங்க!"

"சாமிய வச்சிட்டுத் தொடாதன்னா எப்புடிப்பா?"

தொடத் தொட வெள்ளை கரைந்து பச்சை எட்டிப் பார்த்தது. குணசேகரன் ஓடிப் போய் இன்னொரு கை விபூதி எடுத்து வந்து பூசினான். அதைப் பார்த்தவர்கள், "பூசாரி வந்துட்டாருப்பா" என்று அவனிடமும் நெற்றியைக் காட்டினார்கள். யாரோ எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டி வைத்தார்கள். அவனுக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா திலகவதி மேடம் வர வேண்டும்? கூடவே சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் மனைவி பொன்னுத்தாய். கடைசியில், ஜிப்பாவும் துணிப்பையுமாகச் சிற்பி ரகுநாத்.

"இதுதான் சார் இந்தக் கண்காட்சியோட உயிர்நாடி" என்றார் மேடம்.

ரகுநாத் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் ரகுநாத் வாயே திறக்கவில்லை.

பொன்னுத்தாயம்மாள் நாற்பது வருஷமாகக் காய்கறிக் கடையில் முருங்கை முதல் வெண்டை வரை சோதித்து வாங்கிப் பழகியவர். கை சும்மா இருக்குமா? ரொம்ப இயல்பாகக் குனிந்து, கட்டை விரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்தினார். நகம் பொதுக்கென்று உள்ளே போனது. தண்ணீர் கசிந்தது.

"பிஞ்சுங்க. கூட்டுக்கு ஆகும், அல்வாவுக்கு ஆகாது" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ரகுநாத், என்ன இது?" மேடம் அவர் பக்கம் திரும்பினார். "சுட்ட களிமண்ணுன்னு சொன்னீங்க. நெசப் பூசணிக்காயைக் கொண்டாந்து வச்சு என்னை ஏமாத்துனீங்களா?"

ரகுநாத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "மேடம்... அது வந்து... சூளையில..." என்று மென்று விழுங்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

குணசேகரனால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், நம் தப்புக்கு ஒரு கலைஞன் பேர் கெடுவதா? பாவம் பிடித்துக்கொள்ளும்.

"மேடம், அவரு மேல தப்பில்ல. அவரோட சிற்பத்தைத் தெரியாம வாசல்ல போட்டு ஒடச்சுட்டோம். இந்தக் காயை வச்சது நான்தான்."

ரகுநாத் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். அப்புறம் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது, குரலும் திரும்பியது.

"அதானே! அப்படிச் சொல்லு! ஆறு மாச உழைப்புய்யா! ரெண்டு தடவை சூளையில சுட்ட மண்ணு! ஒரு கலைஞனோட உயிரைத் தெருவுல போட்டு ஒடச்சிருக்கியே, நீ மனுசனா? மேடம், இந்த ஆளு இருக்கிற எடத்துல நான் இருக்க மாட்டேன்!"

திலகவதி மேடம் குணசேகரனைத் திரும்பிப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஸ்டாண்டு மேலயே வச்சு மறைச்சிருக்கீங்க. சாவியைக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

குணசேகரன் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். சத்யபிரியாவிடம் என்ன சொல்வது, மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? ஆண்டியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதாயி உள்ளே வந்தாள். இடுப்பில் பூக்கூடை, முகத்தில் கோபம்.

"வாட்ச்மேனண்ணே, வாசல்ல ஒடச்ச காயில என்னத்தப் பெயிண்டைத் தடவுனீங்க? எம்மாட்டுக்கு வாயெல்லாம் செவப்பா நொரை தள்ளுது!"

"ஏய், வெளியே போம்மா!" என்று சீறினார் ரகுநாத். "அது காயில்ல, சுட்ட மண்ணு!"

மருதாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சுட்ட மண்ணா? அப்ப எம்மாடு அதை வெதையோட எப்புடி சாமி தின்னுச்சு?"