கோரைமடுவின் வெள்ளத் தடைச் சட்டம்

ஆற்றை ஒட்டி, ஆனால் ஆற்றோடு சேராமல், கோரைமடு என்றொரு நாடு இருந்தது. குடிமக்கள் மீன்கள். ஆண்டவை மீன்பேன்கள். சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அந்த நாட்டின் சாசனம் மிக நியாயமானது. ஒரு மீன் என்றால் ஒரு தொகுதி. தொகுதிக்கு ஒரு பிரதிநிதி. வென்றவர் தம் தொகுதியின் முதுகிலேயே குடியிருந்து, அதன் இரத்தத்தை அளவோடு பருகி, அதன் குறைகளைக் கேட்டு வர வேண்டும். மக்களை விட்டு விலகாத தலைவர்கள் கிடைக்கவில்லையே என்று மற்ற நாடுகளில் ஏங்குகிறார்கள். கோரைமடுவில் அந்த ஏக்கத்துக்கு இடமே இல்லை.

பதவிக்காலம் வெள்ளத்துக்கு வெள்ளம். மழைக்காலத்தில் புதுத்தண்ணீர் வயல்களை நிரப்பிக்கொண்டு வாய்க்கால் வழியே மடுவில் வந்து விழும். அன்று மீன்கள் எல்லாம் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறும். வாய்க்கால் வாயில் சொரிபாறை என்று ஒரு கரடுமுரடான கல் உண்டு. ஏறுகிற மீன் ஒவ்வொன்றும் அதில் இரு விலாவையும் உரசிவிட்டுத்தான் போகும். உரசிய உரசலில் பழைய பிரதிநிதிகள் கழன்று விழ, வெள்ளம் அவர்களை மரியாதையாக அழைத்துப் போய்விடும். கற்களில் ஒட்டியிருக்கும் அவர்களுடைய முட்டைகளையும் கழுவிவிடும். மீன்கள் வயலில் ஏறி முட்டையிட்டு, தண்ணீர் வடியும்போது குஞ்சுகளோடு திரும்பும். பிறகு எங்கிருந்தோ ஒல்லியாக, பணிவாக, கூப்பிய கால்களோடு சில புதுப் பேன்கள் வரும். ஆட்சி மறுபடி தொடங்கும்.

வடிவாம்பாள் ஒரு கெண்டை. வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தொகுதியின் பிரதிநிதி மாண்புமிகு பணிவன்பன், இடது துடுப்புக்கடியில் வசித்தார். போன வெள்ளத்தில் அவள் பெற்ற குஞ்சுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வயல் மடையில் யாரோ மீன் பிடிக்கக் கட்டிவைத்த பறியில் அத்தனையும் அடைபட்டுப் போயின. அந்த நினைப்பு அவளுக்கு முள்ளாகத் தொண்டையிலேயே நின்றது.

அந்த வருடம் முதலமைச்சராக இருந்தவர் கவசமூர்த்தி. முந்தைய வெள்ளத்தில் ஒரு கிழட்டு விராலின் செவுளுக்குள் பதுங்கி, அடித்துப் போகப்படாமல் தப்பித்த ஒரே தலைவர். இருட்டில் பதுங்கியிருந்தபோது அவருக்கு ஞானம் பிறந்தது. நாட்டின் எல்லாத் துன்பத்துக்கும் வெள்ளமே காரணம் என்று கண்டுகொண்டார்.

"என் உடலோடு ஒட்டிய உடன்பிறப்புகளே!" என்று பொதுக்கூட்டத்தில் தொடங்கினார். "ஆண்டுதோறும் அந்நியத் தண்ணீர் அத்துமீறி நுழைகிறது. நம் தாய்மார்களின் குஞ்சுகளைக் கொள்ளையடிக்கிறது. நம் ஆட்சியின் திட்டங்கள் முடிவதற்கு முன்பே முடித்துவைக்கிறது. இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டாமா?"

வேண்டும் என்று மீன்கள் வாலடித்தன. தயங்கிய வடிவிடம் துடுப்புக்கடியிலிருந்து பணிவன்பன் குழைந்தார். "தாயே, உங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது எது? நானா? வெள்ளமல்லவா?"

பறி கட்டியவன் வேறு, வெள்ளம் வேறு என்று பிரித்துப் பார்க்க அன்று அவளுக்குத் தோன்றவில்லை. பெற்ற வயிறு எரிந்தது. வாக்குப் போட்டாள். போட்டதோடு நிற்காமல், வாய் நிறைய களிமண் அள்ளிக் கொண்டுபோய் வாய்க்கால் வாயை அடைக்கிற வேலையிலும் சேர்ந்துகொண்டாள். நண்டுகள் கோரை வேரை முடைந்து கொடுத்தன. சொரிபாறையையும் உள்ளே வைத்துப் பூசி, மேலே 'கவசமூர்த்தி காப்பரண்' என்று பெயர் சூட்டினார்கள்.

மழை வந்தது. வெளியே தண்ணீர் முட்டி மோதியது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. வெற்றி விழா தடபுடலாக நடந்தது. விழா முடிந்த பிறகுதான் மடு சுருங்கிக்கொண்டே வருவதைச் சிலர் கவனித்தார்கள்.

தண்ணீர் குறையக் குறைய மீன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நீந்தின. ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்குத் தாவ இப்போது பேன்களுக்குச் சிரமமே இல்லை. கற்களிலெல்லாம் அவர்கள் முட்டைகள் வரிசையாகப் பளபளத்தன. கழுவிவிட எதுவும் வரவில்லை. வாரிசுகள் பெருகினார்கள். பெருகியவர்களுக்குப் பதவி வேண்டாமா? உடனே சட்டம் வந்தது. வாலுக்கு ஒருவர், செவுளுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், கண்ணோரத்துக்கு ஒருவர் என்று தனித்தனிப் பிரதிநிதித்துவம். "இதுவரை குரலற்றுக் கிடந்த வாலுக்கும் நம் ஆட்சியில் குரல் கிடைத்துவிட்டது" என்று பெருமைப்பட்டார் அரசுச் செயலர். அவர் ஓர் அட்டை. எதைப் பற்றினாலும் உறுதியாகப் பற்றுகிறவர்.

மீன்களுக்கு அரிப்பு தாங்கவில்லை. கல்லிலும் கட்டையிலும் உரசின. இரண்டாவது சட்டம் வந்தது. சொரிந்துகொள்வது பிரதிநிதிகளின் மாண்புக்கு இழுக்கு. ஆகவே தேசத் துரோகம். காற்றுப் போதாமல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபோது, மக்கள் புதிய உயரங்களைத் தொட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. மடு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டதால் கொக்குகள் நடுவிலேயே வந்து நின்றன. அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது. "அண்டை நாட்டுடன் நல்லுறவு மலர்ந்திருக்கிறது. கொக்குகள் நமக்குக் காவல் நிற்கின்றன."

பக்கத்துக் குழியில் இருந்த கெளுத்தி சங்கிலிமுத்து மீசை துவண்டு கிடந்தான். அவன்மேல் மட்டும் ஓர் அமைச்சரவையே உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, அந்த மண்ண நாமதானே வாயால அள்ளிக் கொட்டுனோம்?" என்றான் வடிவிடம்.

"ஆமாண்ணே. எவனும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல."

"அதான் வயிறு எரியுது. திட்டவும் ஆளில்ல பாரு."

மறுநாள் அவன் வயிறு மேலாக மிதந்தான். அவனுடைய பிரதிநிதிகள் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் அடுத்த தொகுதிகளுக்குத் தாவினார்கள். அவர்களில் மூவர் வடிவின் மேல் வந்து அமர்ந்தார்கள். அவள் அழுதாள். தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

ஆனால் அவள் வயிற்றில் சினை முற்றியிருந்தது. அது வயலின் புதுத்தண்ணீரில் இறங்க வேண்டிய சினை. இன்னும் தாமதித்தால் வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போகும். போன வருடம் போனது போதாதா, இந்த வருடமும் போக வேண்டுமா என்று நினைத்தாள். அடைப்புக்கு அந்தப் பக்கம் இரண்டாம் மழையின் தண்ணீர் வந்து நிற்கிற வாசனை வேறு அவளை இருக்கவிடவில்லை.

"ஐயா," என்று பணிவன்பனிடம் கெஞ்சினாள். "வயித்துல சினை முட்டிக்கிட்டு நிக்குது. வயத் தண்ணிக்குப் போனாத்தான் எறக்க முடியும். கொஞ்சம் மனசு வைங்கய்யா."

பணிவன்பன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் பேசினார். அவர் இப்போது நன்றாகப் பருத்திருந்தார். "கவலை வேண்டாம் தாயே. 'மடுவிலேயே மகப்பேறு' என்ற திட்டத்தை அரசு பரிசீலித்து வருகிறது."

"இந்தச் சேத்துலயா? இதுல முட்ட பொழைக்குமாய்யா?"

"எங்கள் முட்டைகள் நன்றாகத்தானே இருக்கின்றன!" என்றார் அவர், உண்மையான வியப்போடு.

இதற்கிடையே அமைச்சரவைக்கும் ஒரு நெருக்கடி வந்தது. கவசமூர்த்தி செயலரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தொகுதிகள் ஏனய்யா குறைகின்றன?"

"இறந்துவிடுகின்றன, மாண்புமிகு தலைவர் அவர்களே."

"அனுமதி பெற்றா?"

"பெறாமல்தான்."

"பொறுப்பற்ற மக்கள். இருக்கிற மீனில் இத்தனை பேர் எப்படிப் பொதுவாழ்வு நடத்துவது? வெளியே மீன்கள் இருக்கின்றனவா?"

"அடைப்புக்கு அந்தப் பக்கம் ஏராளம். கொழுத்தவை. அரசியல் அறியாதவை."

"அப்படியானால் அடைப்பில் ஒரு துளை போடுங்கள். மீன் வரலாம். தண்ணீர் வரக்கூடாது."

செயலர் அட்டை தம் பணிக்காலத்திலேயே முதன்முறையாகத் தயங்கினார். "தண்ணீர் கேட்குமா, தலைவர் அவர்களே?"

"கேட்காமல் என்ன? 'தண்ணீருக்கு அனுமதி இல்லை' என்று வெளிப்பக்கம் பார்த்து ஒரு பலகை வையுங்கள்."

துளை தோண்ட ஆள் கேட்டபோது வடிவு முதலில் போய் நின்றாள். நாட்டுப்பற்று என்று பணிவன்பன் அவளை மெச்சினார். அவள் மூக்கால் இடித்தாள், வாயால் பறித்தாள். எந்த இடத்தில் எந்தக் கட்டியை வைத்தோம் என்பது வைத்தவளுக்குத் தெரியாதா? மேலே ஒரு மீன் நுழையும் அளவு துளை போடச் சொன்னார்கள். அவள் அடியில் போய்க் கோரை வேரின் முடிச்சைப் பிடுங்கினாள். பலகையைப் படிக்கத் தண்ணீர் நிற்கவில்லை.

அடைப்பு மொத்தமாகச் சரிந்தது. பூசி மறைத்த சொரிபாறை வெளியே வந்தது. வடிவுக்கு உடம்பில் பாதி இரத்தம் இல்லை, ஆனாலும் ஏறினாள். பாறையில் இடது விலாவை வைத்து ஓர் உரசல். அப்பாடா, அந்தச் சுகத்துக்கு ஈடாக எதைச் சொல்வது! "தாயே, நமக்குள் எத்தனை கால உறவு!" என்று கத்திக்கொண்டே பணிவன்பன் போய்ச் சேர்ந்தார். இன்னோர் உரசலில் கண்ணோரத்தார், வாலார், வயிற்றார் எல்லோரும் போனார்கள். அவள் வயலில் ஏறி, நெல் தூர்களின் இடையே வயிற்றுச் சுமையை இறக்கி வைத்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. இம்முறை மடையில் பறி இல்லை. வெள்ளம் அதையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வடிவின் உடம்பில் புண்கள் ஆறின, செதில் மினுங்கியது. பிழைத்த மீன்கள் குஞ்சுகளோடு மடுவுக்குத் திரும்பி, ஒருவரையொருவர் பார்த்து, நீயும் இருக்கிறாயா, நீயும் இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டன. இவ்வளவு மகிழ்ச்சியை அந்த நாடு வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

தண்ணீர் சற்றுத் தெளிந்ததும் ஒருவர் நீந்தி வந்தார். ஒல்லியாக இருந்தார். கால்களைக் கூப்பி வைத்திருந்தார். வடிவுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. கவசமூர்த்தி இந்த முறையும் ஏதோ ஒரு செவுளுக்குள் பதுங்கித் தப்பித்திருந்தார்.

"என் உடலோடு ஒட்டிய உடன்பிறப்புகளே!" என்றார். குரல் தழுதழுத்தது. "இந்தத் தண்ணீர் தானாக வந்ததா? அடைப்பைத் திறக்க ஆணையிட்டது யார்?"

மீன்கள் யோசித்தன. ஆணை அவருடையதுதான். அதில் பொய் இல்லை.

"இல்ல, ஒடச்சது நான்! அவரு சொன்னது ஒரு துளைதான்!" என்று வடிவு கத்தினாள். ஆனால் அதற்குள் 'வெள்ளம் தந்த வள்ளல்' என்று வாழ்த்தொலி கிளம்பி அவள் குரலை மூடிவிட்டது.

வள்ளல் ஒரு காலை உயர்த்தி அமைதி கேட்டார். "நான் தந்த இந்த நல்ல தண்ணீர் வீணாக வடிந்துவிடலாமா? நாலு பக்கமும் உறுதியாக ஓர் அடைப்பு போட வேண்டாமா?"

வேண்டும், வேண்டும் என்று வாலடித்தன மீன்கள். கூட்டம் முடியும் முன்பே களிமண் அள்ளக் கிளம்பிவிட்டன. வடிவு அவர்களுக்கு நடுவே புகுந்து, அண்ணே, அக்கா, கொஞ்சம் நில்லுங்க என்று ஒவ்வொருவரையும் மறித்துப் பார்த்தாள். வாயில் மண் இருந்ததால் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போது அவளுடைய கடைக்குட்டிக் குஞ்சு எதிரே வந்தது. உளுந்தளவு உடம்பு. வாயில் ஒரு பொட்டு மண். பெருமையில் அதன் வால் நிற்காமல் ஆடியது.

"யாரு சொன்னா ஒனக்கு இதெல்லாம்?" என்று வடிவு பதறினாள். "துப்புடீ அத. அம்மா சொல்றேன்ல, துப்பு!"

குஞ்சு துப்பவில்லை. துப்பலாமா என்று வள்ளல் நின்ற மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது.