தாளாளர் வேட்டியில் வெண்டைக்காய்ப் பூ

நாலு வயதுக் குழந்தைகள் சொன்ன பேச்சைக் கேட்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்கும். சொன்னதைச் சொன்னபடியே கேட்கும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

எனக்குத் தொழில் மென்பொருள் சோதனை. அதாவது, மற்றவர்கள் எழுதிய கட்டளைகளில் ஓட்டை கண்டுபிடிப்பது. (சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்வது என்பார் அப்பா.) ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவே நான் வீட்டில் இருந்த சமயம், ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்த அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் வந்தாள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. "உங்களுக்குப் பதிலா ஆள் அனுப்புனா எடத்த வச்சிருக்கேன். இல்லன்னா வேற டீச்சரப் பாத்துக்குறேன்" என்று பள்ளித் தாளாளர் போனில் சொல்லிவிட்டார்.

"நான் போறேன்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏய், அதுங்க கம்ப்யூட்டர் இல்லடி."

"அதனால இன்னா? தெளிவா சொன்னா யாரா இருந்தாலும் செய்வாங்க."

இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

நான் பள்ளிக்குப் போன அந்த வாரம், வகுப்பில் பூ வாரம். பஞ்சை உருட்டி மல்லிகை, காகிதத் தட்டில் சூரியகாந்தி, உள்ளங்கையைப் பெயிண்டில் முக்கித் தாமரை. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. வெள்ளிக்கிழமைக்கு வெண்டைக்காய் அச்சு. காம்புப் பக்கம் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ தெரியும். பெயிண்டில் தொட்டு அழுத்தினால் போதும். மற்ற டீச்சர்கள் இதைக் காகிதத்தில் செய்வார்கள். எனக்குக் காகிதம் போதவில்லை. வகுப்பு வாசலுக்குத் திரைச்சீலையாகவே செய்துவிடலாம் என்று அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டைக் கொண்டுபோய், ஒன்றைத் தரையில் விரித்தேன். பெயிண்டும் சாதாரணப் பெயிண்ட் இல்லை. நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஃபேப்ரிக் பெயிண்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். (தரத்தில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.)

பிறகு விதிகளை அறிவித்தேன்.

"ஒண்ணு, வேட்டியில மட்டும்தான் பூ வைக்கணும். சுவத்துல, சட்டையில, பக்கத்துல இருக்குற புள்ள மேலல்லாம் வைக்கக் கூடாது. ரெண்டு, பூ மேல பூ வைக்கக் கூடாது. எங்க வெள்ளையா இருக்கோ அங்கதான். மூணு, சத்தமே வரக் கூடாது. எங்க வைக்கணும்?"

"வேட்டியில, மிஸ்" என்றது வகுப்பு.

அவ்வளவு ஒழுங்கு. பாதிப் பேர் முடிப்பதற்குள் வேட்டி நிறைந்துவிட்டது. மீதிப் பேர் வெண்டைக்காயைப் பெயிண்டில் முக்கிக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள். "கொஞ்சம் இருங்க, இன்னொரு வேட்டி வரும்" என்று சொல்லிவிட்டு, அதை எடுக்க அலமாரிப் பக்கம் போனேன்.

அப்போது தாளாளர் உள்ளே வந்தார், கஞ்சி போட்ட புது வேட்டியில்.

பக்கத்துத் தெரு மண்டபத்தில் அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர நேரம் இருக்கு. உங்க கிளாச ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று நேராக என்னிடம் வந்து, வரிசைக்கு முதுகைக் காட்டி நின்றார். அக்காவின் இடம் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பதால் நான் அவர் முகத்தை மட்டுமே பார்த்தேன். அக்கா கால் எப்படி என்று விசாரித்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, ஒரு சத்தத்தையும் காணும். எல்.கே.ஜி. மாதிரியே இல்லியே."

"விதி வச்சிருக்கேன் சார். தெளிவா சொன்னா கேக்குறாங்க."

"பரவால்லியே. அக்காவ நிதானமா வரச் சொல்லு. அந்த எடம் அவங்களுக்குத்தான்."

நான் கும்பிட்டேன். அவர் திரும்பினார்.

கரைக்கு மேலே தொடங்கி, நாலு வயதுக் கை எட்டும் உயரம் வரைக்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. உட்காரும் இடத்தில் நெருக்கம் சற்று அதிகம். ஒரு பூ மேல் இன்னொன்று படவில்லை. சட்டையில் ஒரு துளி இல்லை. இவ்வளவு பிழையில்லாத வேலையை என் அலுவலகத்தில்கூட நான் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்பதால், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

என் மூளை வழக்கம்போலப் பட்டியல் போட்டது. சொன்னால், அக்கா வேலை இப்போதே போகும். சொல்லாவிட்டால் சாயங்காலம் போகும். சாயங்காலம் கொஞ்சம் தள்ளி இருந்தது.

"எல்லாம் நல்லபடியா நடக்கும் சார்" என்றேன்.

மண்டபத்துக்கு நடந்தே போனாராம். வழியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ("பெரிய மனுசன், புது மாடலா இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார் பள்ளி வாட்ச்மேன்.) அங்கே வெள்ளை உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. அவர் யாரையோ வரவேற்க எழுந்து போக, அதே நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்தார். தட்டு மாற்றிய பிறகு இரண்டு சம்பந்திகளும் திரும்பிக் குனிந்து சாமி படத்தைக் கும்பிட்டபோது, சபை மொத்தமும் பூவைப் பார்த்தது. "ரெண்டு பேரும் சொல்லி வச்சி எடுத்தீங்களா? எந்தக் கடையில?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு அத்தை கேட்டாராம்.

சாயங்காலம் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், சம்பந்தி வுழுந்து வுழுந்து சிரிச்சிட்டாரு. அதனால நானும் சிரிக்க வேண்டியதாப் போச்சு. உங்க எடம் உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"திங்கக்கிழமையிலேர்ந்து நீங்களே வந்துருங்க. கட்டோட வந்தாலும் பரவால்ல, ஆட்டோ நான் அனுப்புறேன். உங்க தங்கச்சி மட்டும் வேணாம்."

அக்கா மாவுக்கட்டுடன் போனாள். இப்போது அவள் அங்கே நிரந்தரம். எனக்கு அந்தப் பள்ளியின் வாசல் கேட் வரைக்கும்தான் அனுமதி.

போன மாதம் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் துப்பட்டாவை இழுத்தார்கள். அன்றைய வரிசையில் கடைசியில் நின்ற பெண். இப்போது ஒன்றாம் வகுப்பு. கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த பொறுமையோடு கேட்டாள்.

"மிஸ், இன்னொரு வேட்டி எப்ப வரும்? எனக்கு டர்னே வரல."

இதை வீட்டில் வந்து சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. இப்போது அப்பா வெளுத்த வேட்டியோடு கூடத்துக்கு வந்தாலே, அக்கா கையை நீட்டிக்கொண்டு "எனக்கு டர்னே வரல" என்கிறாள். நான் வெண்டைக்காய் நறுக்கும் நாளாக இருந்தால், அப்பா முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துதான் வாசலுக்குப் போகிறார்.