விபத்தில்லாப் பள்ளியின் 211-ஆம் நாள்

ஒரு காட்டில், பெரிய வாகை மரத்தடியில், ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தக் காட்டுக்கும் சிங்கம்தான் ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சுற்றறிக்கைதான் ராஜா. சிங்கமே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கர்ஜிக்கும்.

மூன்றாம் வகுப்புக்குக் கோமளவல்லி டீச்சர். வெள்ளாடு. வாயில்லா ஜீவன் என்று காடே சொல்லும். அவர் வகுப்பில் ரித்தீஷ் என்று ஒரு சிறுத்தைக் குட்டி. பல் முளைக்கிற வயசு, யார் காதைப் பார்த்தாலும் அவனுக்கு ஈறு நமநமக்கும். அவனுக்கு முன் பெஞ்சில் யாழினி என்ற முயல் குட்டி. முயல் காது எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறந்து ஆறு வாரத்துக்குள் மூன்று தடவை கடித்துவிட்டான்.

யாழினியின் அம்மா வந்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"இன்னொரு தடவை கடிச்சான்னா, படிப்பே வேணாம்னு பிள்ளையை வளையிலேயே வச்சுக்குவேன் டீச்சர்."

நன்றாகப் படிக்கிற பிள்ளை. டீச்சருக்கு விட மனசில்லை. இனிமேல் நடக்காது, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு தலைமையாசிரியரிடம் ஓடினார்.

தலைமையாசிரியர் கரடியார். அவர் அறை வாசலில் 'விபத்தில்லாப் பள்ளி: 211-ஆம் நாள்' என்று ஒரு பலகை. தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை அழித்து எழுதுவார், அத்தனை பெருமை. தேன் கலந்த டீயை உறிஞ்சிக்கொண்டே டீச்சர் சொன்னதை எல்லாம் கேட்டார். கடித்தான் என்று எழுதாதீர்கள், பல் பட்டது என்று எழுதுங்கள் என்றார். அதற்கு ஒரு படிவம், மூன்று பிரதி, அடியில் பல்லுக்கு உரியவனின் அப்பா கையெழுத்து.

அப்பா சிறுத்தைதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். படிவத்தை மோந்து பார்த்தார். பையன் விளையாட்டுக்குச் செய்திருப்பான், அந்தப் பொண்ணு எதுக்குக் காதை அவ்வளவு நீளமா வளர்த்து வச்சிருக்கு என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புல்லைத் தொடவில்லை.

மறுநாள் கரடியாரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். முப்பது வருஷ சர்வீஸில் கண்ட உண்மையாம்.

"சேட்டை பண்றவனைப் பிடிச்சு லீடராக்கிடுங்க டீச்சர். பொறுப்பு வந்தா பெட்டிப்பாம்பா அடங்கிடுவான்."

டீச்சர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, சரிங்க சார் என்றார்.

லீடருக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். சாக்பீஸ் வாங்கி வர வேண்டும். காலையில் வருகைப் பதிவேட்டை எச்.எம். அறைக்குக் கொண்டுபோய், அவர் குனிந்து கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மட்டும் டீச்சர் ரித்தீஷிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். பக்கத்திலேயே நில்லுப்பா, நகரக் கூடாது.

கரடியார் குனிந்தார். உருண்டைக் காது, மெத்துமெத்தென்று, தேன் வாசம் வேறு. பிள்ளை என்ன பண்ணுவான், பாவம்.

அலறிய அலறலில் வாகை மரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டன. டீச்சர் ஓடி வந்தார். ஓடி வரும்போதே கையில் படிவம் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"கடிச்சுட்டான் டீச்சர், கடிச்சுட்டான்!"

"பல் பட்டிருக்கும் சார்," என்றார் டீச்சர். "மூணு பிரதி எழுதணும்."

கரடியார் படிவத்தைக் கையால்கூடத் தொடவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அப்பா சிறுத்தை வந்து கைகட்டி நின்றார், தலைவர் பதவியெல்லாம் அப்புறம். ரித்தீஷுக்குத் தனி பெஞ்சு, கடிக்க வேப்பங்குச்சி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு காட்டெருமை ஆயா, எல்லாம் வந்துவிட்டது. யாழினி மறுநாள் இரண்டு காதையும் தூக்கி நிறுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். டீச்சர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி நடக்கும் என்று டீச்சருக்கு முன்னமே தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள். மேலிடம் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். வாசல் பலகையில் அன்றைக்கு 214-ஆம் நாள் என்று இருந்தது. காதில் கட்டோடு கரடியார்தான் எழுதினார்.

நீதி: சேட்டைக்காரப் பிள்ளையைத் தலைமையாசிரியர் பக்கத்தில் நிறுத்துங்கள். பிள்ளை திருந்தாவிட்டாலும் தலைமையாசிரியர் திருந்துவார்.