என் கம்பெனி மேல் நானே போட்ட வழக்கு

அன்பு மகள் கொலெட்டுக்கு,

லூசியானா, லேக் சார்ல்ஸிலிருந்து அப்பா அல்சிட் எழுதுவது. இங்கே நான், அம்மா, கூரை மூவரும் சௌக்கியம். கூரைமேல் மட்டும் போன புயலுக்குப் போட்ட தார்ப்பாய் இன்னும் கிடக்கிறது. நியூயார்க்கில் நீயும் உன் வக்கீல் ஆபீசும் சுகந்தானே? நவம்பர் நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை வெட்டுமுன்பே சண்டை போட்டு எழுந்து போனவள் நீ. அதன்பின் பேச்சில்லை என்பதால் எழுதிக் கேட்கிறேன்.

பருவநிலை மாறுவதால் வியாபாரத்துக்கு வரும் ஆபத்தைப் பங்குதாரர்களிடம் மறைத்தது என்று, எனக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்ட எண்ணெய்க் கம்பெனிமேல் பங்குதாரர் எல்லார் சார்பிலும் வழக்குப் போட்டாய். போடு, உன் தொழில். அதில் என்னை ஏன் இழுத்தாய்? என்னிடமும் பங்கு இருக்கிறதென்று ஒரு நோட்டீஸ் வந்தது. வேண்டாத விருந்துக்கு அழைத்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே மரியாதை? இருந்தேன். டோனட் கடையில் எல்ரிட்ஜ், அதான் என்னோடு ரிட்டயரான வெல்டர், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "வாங்க, கம்பெனி மேல கேஸ் போட்ட மகராசா!" என்கிறான். விலகுறேன்னு எழுதிப் போட்டாத்தான் வெளியேயாம். சும்மா இருந்தா நானும் கட்சிக்காரனாம். சும்மா இருந்தே ஒருத்தன் கேஸ் போட முடியுமா, கொலெட்?

"கடல் ஏறும்னு கம்பெனிக்கு என்னடா தெரியும்?" என்று மேசையைத் தட்டினேன்.

"அப்ப நாம எதுக்குடா கப்பல் துறைய நாலடி ஒசத்திக் கட்டினோம்?"

"கடல் ஏறும்னு எஞ்சினியர் சொன்னாரு, ஒசத்தினோம்."

கடையே சிரித்தது. "அல்சிட், நீ எந்தப் பக்கத்துச் சாட்சிடா?"

நான் சிரிக்கவில்லை. துறையை உயர்த்திய அதே கம்பெனி, எனக்கு வருடாவருடம் அனுப்பிய வழவழப்பான ஆண்டறிக்கைப் புத்தகத்தில் கடலைப் பற்றி ஒரு வரி எழுதாமல் சூரியோதயப் படம்தான் போட்டது. அதை நம்பித்தான் அம்மா பேரிலும் பங்கு வாங்கினேன். மனசு வலித்தது, சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் உப்பிட்டவரை மறக்கக் கூடாது. வழக்கிலிருந்து என் பெயரை உடனே எடுத்துவிடு. இது அப்பாவின் கட்டளை.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

அப்பா

பி.கு.: பெயரை இனி எடுக்க முடியாது, தெரியும். விலகக் கடைசி நாள் போன வெள்ளி. அம்மா நோட்டீஸோடு வந்த விலகல் தாளையும் பேனாவையும் என் முன் வைத்து, "கையெழுத்துப் போடுறீங்களா இல்லியா?" என்றாள். இறைச்சி தொடாத தவக்கால வெள்ளியாச்சே, மேசையில் விரித்த செய்தித்தாளோடு அதையும் விரித்து, அவித்த சேற்று இறாலை மேலே கொட்டிவிட்டேன். எல்ரிட்ஜும் வந்து நன்றாகத் தின்றான். ஆக, இப்போது நீ என் வக்கீல். கட்சிக்காரன் கேட்டால் வக்கீல் பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமாம். கேட்கிறேன்: ஈஸ்டருக்கு வீட்டுக்கு வர்றியா, கண்ணு?